மாலிம் பதித்த பெயர்

"என் பேரைப் பேத்து எடுத்தது யாருண்ணே?"

ஹசீபாவின் குரலைக் கேட்டு, தண்ணீர் சுமந்து வந்த கதூர் வாளியைக் கீழே வைத்தார். ஃபெஸ் நகரத்தில் இருபது வருடமாக ஓடு வெட்டுகிற மனிதர். எழுதப் படிக்கத் தெரியாது.

"பேத்துட்டாங்களா? நேத்து சாயங்காலம் மாலிம் எங்களையெல்லாம் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிட்டார். நான் கிளம்பும்போது தனியா உட்கார்ந்து ஏதோ தட்டிக்கிட்டிருந்தார் தங்கச்சி."

ஹசீபா தரையில் மண்டியிட்டாள். நூலக நீரூற்றுச் சுவருக்கான பலகை அவள் முன்னால் குப்புறக் கிடந்தது. நாலாயிரம் ஓட்டுச் சில்லுகள். பச்சையும் நீலமும் மஞ்சளும் தரையைப் பார்த்திருக்க, மேலே தெரிந்தது வெறும் மண் முதுகும் இடுக்குக் கோடுகளும்தான். ஏழு வாரமாக, முதுகு கடுக்கக் கடுக்க அவள் ஒருத்தியே அடுக்கியது. மேலே சாந்து ஊற்றி, அது காய்ந்து நிமிர்த்தும்போதுதான் அவளுமே அதன் முகத்தைப் பார்க்க முடியும்.

கீழ் ஓரத்தில் ஒரு சாண் இடத்தில் தன் பெயரைச் சில்லுகளால் வைத்திருந்தாள். நூலகம் கட்டுகிற சீமாட்டி லல்லா ஸுஹூர் போட்ட நிபந்தனை அது. செய்தவர் பெயர் இல்லாமல் தன் கட்டடத்தில் எதுவும் நிற்கக் கூடாது என்றிருந்தார். இந்தப் பலகையில் யார் பெயர் இருக்கிறதோ, வாசிப்பு மண்டபத்தின் பெரிய சுவர் வேலையும் அவருக்குத்தான்.

இப்போது அந்த ஒரு சாணில் வேறு சில்லுகள் இருந்தன. எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கவில்லை, பளிச்சென்று படிக்க முடிந்தது. 'மாலிம் பூஷ்தா.'

ஹசீபாவுக்கு உடம்பெல்லாம் நெருப்புப் பிடித்தது.

"என்ன காலங்காத்தால சத்தம்?" பூஷ்தா உள்ளே வந்தார். தலைமைக் கைவினைஞருக்கான மாலிம் பட்டமும் பட்டறையும் அவருக்கு அப்பா விட்டுப்போனவை. அவர் கை கடைசியாகச் சில்லைத் தொட்டது எப்போது என்று கேட்டால் அங்கே யாருக்கும் தெரியாது.

"ஏழு வாரம் மாலிம். கண்ணுல படாத ஒண்ணை மனசுக்குள்ளயே திருப்பித் திருப்பிப் பார்த்து அடுக்கினேன். ஒருநாள் வந்து எட்டிப் பார்த்தீங்களா நீங்க?"

"பட்டறை யாருது? ஓடு யாருது? உன் பேரைப் போட்டா, பூஷ்தா பட்டறையில ஆம்பளையே இல்லையான்னு ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். உண்மையைப் பார்த்துத்தானே சிரிக்குது."

"வாய் நீளுது உனக்கு. இஷ்டமிருந்தா இரு. இல்லேன்னா வாசல் அங்க இருக்கு."

அவள் சுத்தியலை எடுத்தாள். பூஷ்தா இரண்டடி பின்னால் போனார். கதூர் ஓடிவந்து, "வேணாம் தங்கச்சி, உன் உழைப்பு அது," என்றார். ஓங்கிய கையோடு அவள் அந்தப் பெயரையே பார்த்தாள். ஒரு தடவை படித்தாள். மறுபடியும் படித்தாள்.

சுத்தியல் கீழே இறங்கியது.

"இந்தப் பேரை நீங்களேவா அடுக்குனீங்க மாலிம்?"

"பின்னே? என் கையால, ஒவ்வொரு எழுத்தா."

"சரி. கதூரண்ணே, சாந்தைக் குழைங்க."

"இவ்வளவுதானா உன் ரோஷம்?" கதூருக்கே பொறுக்கவில்லை. "நானா இருந்தா அந்தப் பேரையாவது உடைச்சிருப்பேன்."

ஹசீபா பல்லைக் கடித்துக்கொண்டு, சாந்தைத் தானே வாங்கி, அந்தப் பெயரின் மேல்தான் முதலில் ஊற்றினாள். பூஷ்தா சிரித்துக்கொண்டே வெளியே போனார்.

நாலாம் நாள் லல்லா ஸுஹூர் வந்தார். கூடவே நூலகத்துப் பெரிய மனிதர்கள் பத்துப் பேர். புது ஜெல்லாபா அங்கியில் பூஷ்தா முன்னால் நின்றார். ஹசீபாவிடம் புதினா தேநீர்த் தட்டைக் கொடுத்திருந்தார்கள்.

"மொத்தமும் உங்க கைவேலையா மாலிம்?" என்று கேட்டார் லல்லா ஸுஹூர்.

"ஒரு சில்லைக்கூட வேற யாரும் தொடலை லல்லா."

தட்டைக் கீழே வைத்துவிட்டு ஹசீபா கேட்டாள். "அந்தப் பேரையுமா மாலிம்?"

பூஷ்தா முறைத்தார். "வல்லாஹி, ஆண்டவன் மேல ஆணையா பேரும் நான் வச்சதுதான். போதுமா?"

"போதும்."

எட்டு ஆட்கள் சேர்ந்து பலகையை நிமிர்த்தினார்கள். நீல நட்சத்திரம் ஒரு கோடு பிசகாமல் விரிந்து நின்றது. தன் வேலையை ஹசீபாவும் இப்போதுதான் பார்க்கிறாள்.

லல்லா ஸுஹூர் கீழ் ஓரத்துக்குக் குனிந்தார். கண்ணைச் சுருக்கினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து, முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து அந்த எழுத்துக்கு எதிரே பிடித்தார்.

"மாலிம் பூஷ்தா," என்று கண்ணாடிக்குள் பார்த்து வாசித்தார். "குப்புற அடுக்கும்போது எழுத்தைத் திருப்பி வைக்கணும்னு தெரியாதவரா இந்த நட்சத்திரத்தை அடுக்கினார்?"

பூஷ்தா குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார். லல்லா ஸுஹூரின் பார்வை ஹசீபாவிடம் வந்தது.

"முதுகுப் பக்கம் நல்லாவே படிக்க முடிஞ்சுது லல்லா," என்றாள் ஹசீபா. "அதனாலதான் நானே சாந்து ஊத்தினேன்."