ஆற்றுத் தண்ணீர்ப் பளபளப்பு

"இந்த வயசுல எப்படிப் பளபளன்னு இருக்கிய?" என்று சேரன்மகாதேவியில் யார் கேட்டாலும், "எல்லாம் ஆத்துத் தண்ணி" என்பார் யஹ்யா.

அப்படிப்பட்டவர் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி இரண்டாம் முறையாக மயங்கி விழுந்ததும், மனைவி மும்தாஜ் பதறிப்போய்த் திருநெல்வேலிக்கு அழைத்து வந்தாள்.

பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், "இன்சுலினுக்கு எதிரா உடம்பே ஆன்டிபாடி உண்டாக்குது. அது இன்சுலினைப் பிடிச்சு வச்சு, திடீர்னு மொத்தமா விடும்போது சர்க்கரை இறங்கிருது. அபூர்வமா, சில அழகு மாத்திரைங்க இதைக் கிளப்பிவிடும். ஏதும் சாப்பிடுதாரா?" என்றார்.

"அவரா? நான்தான் ஒளிச்சு வச்சுத் திங்கேன். ஒரு பளபளப்பையும் காணோம்!"

யஹ்யா தலைகுனிந்தார். "உன் டப்பாவுல இருந்தத நான் எடுத்துக்கிட்டு, என் சத்து மாத்திரையப் போட்டு வச்சேன், புள்ள."

டாக்டர் சிரித்துவிட்டார். "நிறுத்தினாலே பெரும்பாலும் சரியாயிரும். அல்வா வேண்டாம். கொஞ்சங் கொஞ்சமா அடிக்கடி சாப்பிடட்டும்."

"அப்போ குடிக்க ஆத்துத் தண்ணிய மட்டும் எழுதிக் குடுங்க டாக்டர்!" என்றாள் மும்தாஜ்.