கண்ணால் பார்த்தவர்

“செத்தது என் வீட்டுக்காரர்தான்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

மேஸ்திரிக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. தொழிற்சாலைத் தீயில் புருஷனைப் பறிகொடுத்தவள், பாவம், மனசு ஏற்க மறுக்கிறது.

“ஆஸ்பத்திரியில உறுதியா சொன்னாங்கம்மா” என்றார்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

“போலீஸ் சொன்ன பேரைத்தாம்மா நாங்க எழுதினோம்” என்றார் டாக்டர்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

“உங்களுக்கு யார் சார் சொன்னது?”

அவர் சற்றுத் தயங்கினார். “நீங்கதானேம்மா? பிணவறையில பார்த்துட்டு, இவர்தான்னு நீங்கதான் சொன்னீங்க.”

“முகம்னு ஒண்ணும் மிச்சமில்லையே சார். அவர் போயிட்டார்னு மேஸ்திரி ஃபோன்ல சொன்னதை நம்பித்தான் தலையாட்டினேன். உங்கள்ல யாராவது ஒருத்தர் கண்ணால பார்த்திருப்பீங்கன்னு நினைச்சேன்.”

இன்ஸ்பெக்டர் குரலைத் தணித்துக்கொண்டார். “கேட்டுக்கிட்டே போனா முடிவே இருக்காதும்மா. ஏதாவது ஒரு இடத்துல நம்பித்தானே ஆகணும்?”

“நம்பித்தான் எரிச்சோம் சார்.”

அவள் வெளியே வந்தாள். அன்றைய தீயில் காணாமல் போனவர்கள் இரண்டு பேர். கிடைத்ததோ ஓர் உடல்தான். மற்றவரான வெல்டரின் மனைவி, கைக்குழந்தையோடு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இவளைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

“அக்கா, எங்க வீட்டுக்காரரைப் பத்தி உள்ள ஏதாவது சொன்னாங்களா?”

இவள் குழந்தையை வாங்கி, தன் தோளில் போட்டுக்கொண்டாள்.