மடிப்பு விடாத பாவாடை

கதை எழுதிப் பழகாதவள் துணிந்து எழுதுகிறேன். பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

மகளின் பள்ளிப் பாவாடையைத் தையற்காரியின் மேசைமேல் விரித்தாள் தாய். இவ்வாண்டில் இரண்டாம் முறையாக அது முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டிருந்தது.

"புதுசாவே தச்சிடு. அடியில மடிப்புத் துணி விடாதே."

"வளர்ற பொண்ணுக்கு மடிப்பு விடாமலா? துணியிலயுமா கஞ்சத்தனம், அக்கா?"

"இனிமே வளர வேண்டாம்."

"ஏன், மாப்பிள்ளை உயரமாக் கிடைக்கணுமேன்னு கவலையா? என் மகளைப் பாருங்க, பெரியவளானா, அப்படியே நின்னுட்டா. நீங்க கொடுத்து வச்சவங்க."

தாயின் பார்வை, வாசலில் தோழியோடு பேசிக்கொண்டிருந்த மகளிடம் சென்று மீண்டது.

"உன் மக நின்ன மாதிரி இவளும் நிக்க மாட்டாளான்னுதான் ஏங்குறேன்," என்றாள் தணிந்த குரலில். "இவ இன்னும் பெரியவளாகலை. குழந்தையிலேயே கட்டின்னு ரெண்டு சினைப்பையையும் எடுத்துட்டாங்க. அதுல சுரக்குறதுதான் எலும்புகிட்ட, 'நீண்டது போதும், இனி உறுதியாகு'ன்னு சொல்லுமாம். சொல்ல ஆளில்லாம அது நீண்டுக்கிட்டே போகுது. இப்பத்தான் மாத்திரை தொடங்கியிருக்காங்க."

"பார்த்தா தேக்கு மாதிரி இருக்காளே, அக்கா."

"பார்வைக்குத்தான் தேக்கு. உள்ளே முருங்கை. போன மாசம் படியில தடுக்கினதுக்கே கை முறிஞ்சு போச்சு."

தையற்காரி மடிப்பு விடாமலேயே துணியை வெட்டினாள்.

போனவை இவ்வளவே: இரண்டு சினைப்பைகள், மாத்திரை தொடங்குவதற்கு முன் எலும்பில் சேராமற்போன வலு, மகள் தானாக வந்து, தாயின் காதோடு சொல்லியிருக்க வேண்டிய ஒரு செய்தி.