ஜும்மா முடிவதற்குள்

லீவில் வந்திருந்த கணவன் சித்தீக் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பித் தெருமுனை திரும்பும்வரை ஜஸீலா ஜன்னலை விட்டு நகரவில்லை. அவன் தலை மறைந்ததும் வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு, கட்டிலுக்கடியில் போர்வையில் சுற்றிக் கிடந்ததை இரண்டு கையாலும் வெளியே இழுத்தாள்.

தையல் மிஷின். விற்றாகிவிட்டது என்று ஆறு மாதத்துக்கு முன்பே போனில் அவனிடம் அடித்துச் சொல்லியிருந்தாள்.

சித்தீக் ஷார்ஜாவுக்குப் போய்ப் பதினோரு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவான். போனில் பேசும்போது பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டுவிட்டால் போதும், குரலே மாறிவிடும். "முதல்ல அதை நிறுத்து. கண்ணு போயிடும், முதுகு போயிடும். உனக்கு எதுக்கு அது?" என்பான்.

கட்டடக் கம்பெனி ஆபீஸில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற சூப்பர்வைசர். அவன் பெண்டாட்டி ஊரார் ஜாக்கெட்டைத் தைத்தால் கௌரவம் என்ன ஆவது? அவன் கோபத்துக்குக் காரணம் அதுதான் என்று ஜஸீலா முடிவு கட்டியிருந்தாள். ஆனாலும் அய்யம்பேட்டையில் அவளைப் போல ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்ட ஆளில்லை என்று நாலு பேர் சொல்வதை விட மனசு வரவில்லை.

இன்றைக்கு வசமாக மாட்டிக்கொண்டாள். அடுத்த தெரு பர்வினுக்குச் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். கடையில் தைத்து வந்த ஜாக்கெட்டைக் காலையில் போட்டுப் பார்த்தால் கை ஏறவே இல்லை. பெண்ணின் அம்மா கமருன்னிஸா கொல்லை வழியாக ஓடிவந்து, பட்டுச் சேலையோடு வந்த துணி, இதை விட்டால் வேறு துணி கிடையாது என்று அழுதாள்.

சித்தீக் பள்ளிவாசலிலிருந்து வர எப்படியும் ஒன்றே முக்கால் ஆகும். அதற்குள் கையைப் பிரித்து, உள்ளே மடிந்திருக்கிற துணியை விட்டு மறுபடி வைத்துவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டாள்.

கை பிரிக்கிறவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அவசர அவசரமாக நூல் கோத்து ஒரு சாண் ஓட்டினாள். மேலே பார்க்க நன்றாக இருந்தது. திருப்பினால் அடிப்பக்கம் நூல் சுருண்டு சுருண்டு குருவிக்கூடாகக் கிடந்தது.

மேல்நூல் தளர்ந்திருக்கிறது என்று டென்ஷன் திருகை மூன்றிலிருந்து நாலுக்குத் திருப்பினாள். பிரித்துத் தைத்தாள். அப்படியே இருந்தது. ஐந்து வைத்தாள், ஏழு வைத்தாள், கடைசியில் ஒன்பதுக்கே கொண்டுபோனாள். திருகு திரும்பியதே தவிர, தையல் இம்மியும் மாறவில்லை.

பிறகு அடிநூல் இருக்கிற பாபின் டப்பாவின் குட்டித் திருகையும் நோண்டினாள். அது வேண்டாத வேலை. அடிநூல் இன்னும் தளர்ந்து போனது. பட்டில் ஊசி போன இடமெல்லாம் பொடி ஓட்டைகள் தெரிய ஆரம்பித்திருந்தன. இன்னும் ஒரு தடவை பிரித்தால் துணியே கிழியும்.

போன் அடித்தது. கமருன்னிஸா மூன்றாவது தடவையாக, ஆச்சா என்றாள். இதோ ஆச்சு லாத்தா என்று ஜஸீலா சொன்னாள். ஒரு பெண் கல்யாணத்தன்று தன்னால் தலைகுனிந்து நிற்கப் போகிறாள் என்று நினைக்க நினைக்க ஜஸீலாவுக்கு அழுகை முட்டியது. மறுபடி மிஷினை ஓட்டினாள்.

அந்தச் சத்தத்தில், ஜும்மா முடிந்து வந்தவன் வாசலில் தட்டியதும் கொல்லைக் கதவு திறந்ததும் கேட்கவில்லை. வாசலைத் தாழ் போட்டவளுக்குக் கொல்லை நினைவே வரவில்லை.

நிமிர்ந்தபோது சித்தீக் எதிரே நின்றான். தலையிலிருந்து தொப்பியைக்கூட எடுக்கவில்லை.

"விக்கலையா?" என்றான்.

சித்தீக் ஜாக்கெட்டை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். வீசி எறியப் போகிறான் என்று ஜஸீலா எழுந்தேவிட்டாள்.

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்க. பர்வின் போட்டுக்க வேற துணி இல்லைங்க. அப்புறம் நீங்களே இந்த மிஷினைக் கொண்டுபோய் வித்துடுங்க" என்றாள்.

"தள்ளு."

மிஷினைத் தூக்கப் போகிறான் என்று அவள் ஒதுங்கினாள். சித்தீக் சட்டையின் முழுக்கையை மடித்துக்கொண்டு அவள் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தான். நூல் முழுவதையும் உருவினான்.

"துணியை அமுக்குற ஃபுட்டைத் தூக்காமலே நூல் கோத்திருக்க. நூலு டென்ஷன்ல இருக்கிற ரெண்டு தட்டுக்கு நடுவுல இறங்கவே இல்லை. நீ எத்தனை திருப்புனாலும் எப்படிப் பிடிக்கும்?"

ஃபுட்டைத் தூக்கி நூலை இறக்கினான். டென்ஷனை நாலுக்குக் கொண்டுவந்தான். பாபின் டப்பாவைக் கழற்றி நூல் நுனியில் தொங்கவிட்டு மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினான். அது சரசரவென்று தரைவரை போனது. குட்டித் திருகைக் கத்தி முனையால் கால் சுற்று இறுக்கி மறுபடி சுண்டினான். டப்பா ஒரு அங்குலம் இறங்கி நின்றது.

பிறகு ஜாக்கெட்டை ஊசிக்கடியில் வைத்தான். குண்டூசி குத்தவில்லை, கோடு போடவில்லை. அப்பளம் பொரிக்கிற நேரத்தில் இரண்டு கையும் வட்டமாக ஏறி உட்கார்ந்தன. பழைய ஓட்டைகள் எல்லாம் தையலுக்கு உள்பக்கம் போயிருந்தன.

ஜஸீலா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேலும் கீழும் ஒரே தையல்.

"ஆபீஸ்ல இருக்கிற உங்களுக்கு இதெல்லாம் யாருங்க சொல்லிக் கொடுத்தா?"

சித்தீக் ஜாக்கெட்டை வாங்கி, குனிந்து மிச்ச நூலைப் பல்லால் கடித்தான். நிமிரவில்லை.

"ஏது ஜஸீலா ஆபீஸு? வரிசையா முப்பது மிஷின், அதுல ஏழாவது என்னோடது."