சாம்பலில் ஆறவேண்டிய முனை

செட்டியார்பட்டி லேத்துப் பட்டறையின் தகரக் கூரை மதிய வெயிலில் நொடிக்கொரு தரம் முனகுகிறது. நூல் மில்லின் தண்டு ஒன்று அரைகுறைக் கடைசலோடு லேத்தில் நிற்கிறது. அதைச் சீவ இருந்த ஒரே கார்பைடு முனையைச் சோணைமுத்து வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். டங்ஸ்டனும் கரியும் கூடிய சாம்பல் நிறச் சில்லு. எஃகையே கத்தரிக்காயாகச் சீவும். அதன் குறுக்கே இப்போது மயிரிழை போல ஒரு விரிசல். இரும்புப் பிடியில் புதிதாகப் பற்றவைத்துச் சாம்பலில் ஆறப் புதைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான். அதற்குள் மனைவி காளீஸ்வரி எடுத்துத் தண்ணீரில் முக்கிவிட்டாள்.

“ஏட்டி, அது பாட்டுக்கு ஆறட்டும்னு எம்புட்டுத் தடவ சொல்லிருக்கேன்!”

“எங்கப்பா பட்டறையில பழுத்த அருவாள முக்குனாத்தான் உறுதி,” என்கிறாள் கொல்லன் மகள்.

“இது அருவா இல்லட்டி! சூட்டோட தண்ணி பட்டா வெடிச்சிரும்!”

மில்லிலிருந்து போன் அடிக்கிறது. எடுக்காமல், விரிசலைத் தேய்த்தே போக்கப் பச்சைச் சாணைக்கல்லில் முனையை அழுத்துகிறான். கல் கீச்சிடுகிறது. அவன் வாயில் திட்டும் ஓயவில்லை. விரிசல் மெல்ல மறைகிறது. விரலில் சூடு ஏறுகிறது. சாதா எஃகை முக்கி முக்கியே இருபது வருடம் பழகிய கை, தானாகப் பக்கத்து டப்பாத் தண்ணீருக்குள் போகிறது.

சுர்ரென்கிறது. பிறகு சன்னமாக ஒரு ‘டிக்’.

போன் மறுபடி அடிக்கிறது. காளீஸ்வரி எடுத்துக் காதருகே பிடித்துக்கொண்டு அவனைக் கேட்கிறாள்:

“முக்குனது யாருன்னு சொல்லட்டும்?”