படகு கழுவும் முறை

கார்ன்வால் கடலோரத்தில் எங்கள் ஊர் மீட்புப் படகு நிலையத்துக்கு நூறு வயது. சம்பளம் கிடையாது. கூப்பிட்டால் போட்டது போட்டபடி ஓடுவோம். யாருக்காக என்று கேட்பதில்லை.

இன்றும் அதே ரூபர்ட்தான். கோடைதோறும் பாய்மரப் படகைப் பாறையில் மோதிவிட்டு எங்களைக் கூப்பிடும் லண்டன்காரன்.

“இவ்வளவு நேரமா? தூங்கிட்டா இருந்தீங்க?”

“ஏறித் தொலைய்யா,” என்றாள் எங்கள் தலைவி மோர்வென்னா. அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

வழக்கம்போல என் பூட்ஸ் மேலேயே வாந்தியெடுத்தான். கரை வந்ததும் நன்றிகூடச் சொல்லாமல் தேவாலய மேட்டில் ஏறிப் போனான்.

“தூ! செத்தும் திருந்தாத ஜென்மம்!” என்று தண்ணீர்க் குழாயை என்னிடம் நீட்டினாள் மோர்வென்னா. இன்று கழுவும் முறை என்னுடையது.

படகையும் பூட்ஸையும் கழுவினேன். வாந்தியில் ஒரு சொட்டுக் கடல்நீர் இல்லை. எல்லாம் செம்மண். போன மாதம் அவன் சவப்பெட்டிமேல் ஆளுக்கொரு பிடி போட்டோமே, அதே மண்.