செம்பருந்துக்குக் கோபம் வரவேண்டும்

செம்பருந்து கேமராவைப் பார்க்கவில்லை. கருப்பண்ணனைப் பார்த்துக் கழுத்தைச் சாய்த்துக் கொஞ்சியது.

கம்பிவலையின் இடைவெளியில் நுழைத்திருந்த கேமராவை ஜோஸ்லின் வெளியே எடுத்தாள். எல்லாப் படங்களிலும் அதே கொஞ்சல்.

சூரமங்கலத்தில் திருமணப் படம் எடுப்பவள் அவள். மணமக்களைச் சிரிக்கவைக்கத் தெரியும். சினங்கொள்ளவைத்துப் பழக்கமில்லை.

இங்கே சினந்தான் தேவை.

கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சாக மோகனூர்ப் பறவைக் காப்பகத்துக்கு வந்து, காவலாளி கருப்பண்ணனின் கையால் உண்டு வளர்ந்த பருந்து அது. இப்போது நன்றாகப் பறக்கிறது. தொட்டியில் விடும் மீனைத் தானே பிடிக்கிறது. ஆனால், மனிதரைக் கண்டால் சீறும் பறவையைத்தான் திறந்துவிட முடியும் என்று சொல்லி, அதற்குச் சான்றாகப் படம் கேட்டிருந்தார் வனச்சரகர். இல்லையேல், ஆயுள் முழுவதும் உயிரியல் பூங்காவின் கூண்டு.

“ஒருக்கா மொறச்சுப் பாரு சாமி,” என்று கெஞ்சினார் கருப்பண்ணன்.

பருந்து அவருடைய சட்டைப் பொத்தானைக் கோதியது.

வலைக்கு வெளியே நின்ற அவர் மனைவி சௌந்திரம் சிரித்தார். “என்னயக் கண்டா மட்டுங் கொத்த வருது. இவருகிட்டப் புதுப்பொண்ணாட்டங் குழையறதப் பாருங்க.”

ஜோஸ்லின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, மண்டபங்களில் பழகிய குரலில் சொன்னாள்: “ஐயா, வெளியே வந்து அம்மா தோள்மேல கை போடுங்க.”

“அதெதுக்கு அம்மணி?”

“பருந்துக்காகத்தான்.”

கருப்பண்ணன் வெளியே வந்தார். சாலையை ஒருமுறை நோட்டமிட்டார். சூடான பாத்திரத்தைத் தொடுபவர்போல் மனைவியின் தோளில் கைவைத்தார்.

பருந்தின் பிடரி சிலிர்த்தது. இறக்கைகளை முழுவதும் விரித்து, அலகைத் திறந்து, சௌந்திரத்தை நோக்கி வலைமேல் பாய்ந்தது.

கேமரா ஒலித்தது.

“கோபம் பத்தலைங்க. இன்னுங் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க,” என்றாள் ஜோஸ்லின்.

நெருங்கினார்கள்.

“வெரசா எடு கண்ணு, ஆராச்சும் பாத்தாச் சிரிக்கப் போறாங்க,” என்ற சௌந்திரம், இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

“எனக்கொண்ணும் அவசரமில்லீங்க. பருந்துக்காகத்தானுங்களே,” என்றார் கருப்பண்ணன்.

அவர் பருந்தையே பார்த்திருந்தார். சௌந்திரம் தரையைப் பார்த்திருந்தார். கேமராவை இருவருமே பார்க்கவில்லை. அது நெடுநேரம் ஒலித்துக்கொண்டிருந்தது.

படத்தைக் கண்ட வனச்சரகர், தம் நாற்காலியைச் சற்றே பின்னுக்கு நகர்த்திக்கொண்டு ஒப்புதல் தந்தார்.

ஆற்றங்கரையில் திறந்துவிட்டார்கள். பருந்து காவிரியைக் கடந்து போயிற்று, ஒருமுறைகூடத் திரும்பவில்லை. “போறதப் பாரு, கல்நெஞ்சுக்காரி,” என்று கருப்பண்ணன் மூக்கை உறிஞ்சினார்.

வனச்சரகருக்குப் போனது, கருப்பண்ணன் மனைவியின் தோளில் கைவைத்ததும் எடுத்த முதல் படம். வேண்டிய சினம் முழுவதும் அதிலேயே விழுந்திருந்தது.

அதற்குப் பிறகு எடுத்த படங்கள் எவற்றிலும் பருந்து இல்லை.